பெரிய கட்சிக்கும் சின்ன கட்சிக்கும் ஒரு திறந்த மடல்

வின்சென்ட் கட்சி மாப்பிள்ளைகளுக்கும் டக்கர் கட்சிப் பங்காளிகளுக்கும் திருவையாற்றுச் சவுண்ட் சர்வீஸ்காரன் எழுதுவது.

நான் நலம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டியதில்லை, தினமும் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை புரட்டாசியில் டெத் மெட்டல் கேட்க என் கொட்டகையில் கூடுகிறோம். உறுமுகிற குரலும் இரைகிற கிட்டாரும் பேய்வேக டிரம்ஸுமாக வருமே, அந்த ராக் வகைதான். அந்த மாதம் கல்யாணம் கிடையாது, பாக்ஸெல்லாம் சும்மா கிடக்கும். கவிச்சியும் கிடையாது என்பதால் சாப்பாட்டுச் செலவு எலுமிச்சை சாதத்தோடு முடிந்துவிடும். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம் என்று எல்லாப் பக்கமும் கூட்டிப் பெருக்கினாலும் நாம் இருபது பேர் தேற மாட்டோம். இந்த இருபது பேரில்தான் இப்போது இரண்டு கட்சி. போன வாரம் ஒரு மாப்பிள்ளை போன் போட்டு, "அண்ணே, இந்தத் தடவை நாங்க கும்பகோணத்துலயே தனியா வச்சுக்கிறோம், பாக்ஸ் மட்டும் வாடகைக்குக் குடுங்க" என்கிறான். வாடகைக்காம். பத்து வருஷமாக ஓசியில் கேட்ட பாக்ஸ்.

எல்லாம் மார்பிட் ஏஞ்சல் என்கிற டெத் மெட்டல் பேண்டுக்காக. ஃப்ளோரிடா மாநிலம் டாம்பாவில் இருக்கிறவர்களுக்குத் திருவையாறு எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. அவர்கள் பேண்டில் பாடுகிற ஆள் மாறியதற்கு இங்கே நீங்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

சிரிப்பு வந்தாலும், திருவையாற்றுக்காரனுக்கு இது புதிதில்லை. எங்கள் ஊர் தியாகராஜர் ஆராதனையே ஒரு காலத்தில் பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரண்டாக உடைந்து நடந்ததுதான். பாடகர்கள், ரசிகர்கள், சாப்பாட்டுப் பந்தி எல்லாம் தனித்தனி. பெங்களூர் நாகரத்தினம்மா தன் சொத்தைப் போட்டுச் சமாதிக்குக் கோயில் கட்டி, பெண்களைச் சேர்த்துக்கொண்டு மூன்றாவதாக ஒன்று நடத்தினார். 1940 வாக்கில்தான் எல்லாரும் ஒன்றானார்கள். நாகரத்தினம்மாவுக்காவது நியாயமான காரணம் இருந்தது, பெண்களைப் பாட விடவில்லை. உங்களுக்கு என்ன காரணம்? டேவிட் வின்சென்ட் இல்லாத மார்பிட் ஏஞ்சல் மார்பிட் ஏஞ்சலே இல்லை என்று ஒரு கட்சி. 2011-ல் வின்சென்ட் வந்து கெடுத்ததை 2017-ல் ஸ்டீவ் டக்கர் வந்துதான் காப்பாற்றினார் என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் பெரிய கட்சி நாங்கள்தான் என்கிறீர்கள், சின்ன கட்சியாக இருக்க ஒருத்தனும் தயாரில்லை.

நம்மிடம் புதிதாகச் சேர்ந்த தம்பிகள் சிலருக்குக் கதை முழுசாகத் தெரியாது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1989-ல் முதல் ஆல்பம், ஆல்டார்ஸ் ஆஃப் மேட்னஸ். ட்ரே அசாக்தோத் கிட்டார், வின்சென்ட் பேஸும் குரலும், பீட் சாண்டோவல் டிரம்ஸ். அதற்குப் பின் ஒவ்வொரு ஆல்பத்தின் பெயரும் ஆங்கில அகரவரிசையில் அடுத்த எழுத்தில் தொடங்கும், அது அவர்கள் பிடிவாதம். 1991-ல் ப்ளெஸ்ட் ஆர் த சிக், 1993-ல் கவனென்ட், 1995-ல் டாமினேஷன். 1996-ல் வின்சென்ட் விலகினார். டக்கர் வந்தார். 1998-ல் ஃபார்முலாஸ் ஃபேட்டல் டு த ஃப்ளெஷ், 2000-ல் கேட்வேஸ் டு அனிஹிலேஷன், 2003-ல் ஹெரெடிக். 2004-ல் டக்கர் போய் வின்சென்ட் திரும்பினார். ஏழு வருஷம் காக்க வைத்து 2011 ஜூனில் இல்லுட் டிவினும் இன்சானுஸ். 2015-ல் மறுபடியும் வின்சென்ட் வெளியே, டக்கர் உள்ளே. 2017 டிசம்பரில் கிங்டம்ஸ் டிஸ்டெய்ன்ட். ஏ-யிலிருந்து கே வரை வந்துவிட்டார்கள். நடுவில் ஈ-யும் ஜே-யும் மேடைப் பதிவுகள், அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்போது நான் சொல்ல வந்தது. இந்தப் பட்டியலை எத்தனை வருஷமாக நாம் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்திருக்கிறோம்! அதில் ஒரு வரியை ஒருத்தரும் படிக்கவில்லை. வின்சென்ட் கட்சி தலையில் வைத்துக் கூத்தாடும் நாலு ஆல்பத்திலும் டிரம்ஸ் சாண்டோவல். டக்கர் கட்சி கொண்டாடும் பழைய மூன்று ஆல்பத்திலும் டிரம்ஸ் அதே சாண்டோவல். அவர் இல்லாதவை இரண்டே இரண்டு, 2011-ம் 2017-ம். எந்த இரண்டைப் பிடித்துக்கொண்டு நீங்கள் மல்லுக்கு நிற்கிறீர்களோ அதே இரண்டு.

குரலுக்காக அடித்துக்கொள்கிறீர்கள். மாறியது தவில், ஐயா.

தவில் என்று வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். நம் ஊரில் இந்த விஷயம் வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாயனக் கச்சேரி நோட்டீஸில் "ஸ்பெஷல் தவில்" என்று தனி வரி போட்டு அச்சடிக்கிற ஊர் இது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசிக்கிறார் என்றால், நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தவிலா என்று அடுத்த வாயில் கேட்ட ஜனங்களின் பேரப்பிள்ளைகள் நாம். ராஜரத்தினம் பிள்ளையே திமிரி நாயனத்தை விட்டுப் பாரி நாயனத்துக்கு மாறினார். சுருதியே இறங்கியது, ஆனாலும் ஆள் ஆளாகத்தான் தெரிந்தார். ஆனால் தவில்காரர் மாறினால் முதல் மல்லாரியிலேயே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவர் திரும்பிப் பார்ப்பார். அந்தக் காதை எங்கே தொலைத்தோம்?

எனக்கே இது தானாக உறைக்கவில்லை. என் தாய்மாமாதான் சொன்னார். தவில்காரர், இப்போது இல்லை. 2012 கோடை என்று ஞாபகம். திருவிழாவெல்லாம் முடிந்து கொட்டகைத் திண்ணையில் உட்கார்ந்து விரலுக்குக் கூடு கட்டிக்கொண்டிருந்தார். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பழைய வேட்டியை நாடா நாடாகக் கிழித்து, பசையில் தோய்த்து, விரல் நுனியில் சுற்றிச் சுற்றி ஏற்றி, நிழலில் காயப் போடுவார். காய்ந்தால் மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். தவிலின் வலது பக்கமான வலந்தலையில் அந்தக் கூடு விழுகிற சத்தம்தான் முக்கால் மைல் போகும். ஈரக்கூடு மாட்டிய வலது கையை ஆசீர்வாதம் பண்ணுகிறவர் மாதிரி விரித்துத் தூக்கி வைத்திருந்தார், வேறெதையும் தொட முடியாது. வசமாக மாட்டினார் என்று ஆல்டார்ஸைப் போட்டேன்.

அம்மா உள்ளேயிருந்து வழக்கம்போல "பன்னி உறுமுதுடா, நிறுத்துடா" என்றாள். மாமா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பாட்டு முடிந்ததும், "அடியில படபடபடன்னு ஓடுதே, அது என்ன, இடது கைக் கழியா?" என்றார்.

"கை இல்ல மாமா, காலு. ரெண்டு காலுக்கும் ரெண்டு மிதி இருக்கும்."

"கால்லயா?" கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப மேல ஓடுறது கை. நாலும் நாலு கணக்கு. பாவி."

சாண்டோவல் முதலில் ஒற்றைக் கால் மிதியில்தான் வாசித்தார், இந்த பேண்டில் சேர்ந்த பிறகுதான் இரட்டை மிதியைப் பழகினார் என்று சொன்னேன். மாமாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அவரும் பன்னிரண்டு வயதில் கைமாற்றிப் பழகியவர்.

பிறகு எதுவும் சொல்லாமல் இல்லுட் ஆல்பத்திலிருந்து ஒன்று போட்டேன். எக்ஸிஸ்டோ வல்கோரே, அந்த ஆல்பத்தில் உருப்படியான டெத் மெட்டல் பாட்டு. குரல் அதே வின்சென்ட். கிட்டார் அதே அசாக்தோத். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"இது வேற ஆளு" என்றார் மாமா.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"மொத ஆளு ஓடுறப்ப கொஞ்சம் முன்னால சாயுறான். விழுந்துருவானோன்னு நமக்குப் பயமா இருக்கு, ஆனா விழ மாட்டான். இவன் கோடு போட்டு அதுமேல ஓடுறான். சுத்தமாத்தான் ஓடுறான், குத்தம் சொல்ல முடியாது. எனக்குப் பயமே வரல."

அதே ஆல்பத்திலிருந்து டூ எக்ஸ்ட்ரீம் போட்டேன். மின்னணுக் கொட்டும் டிஸ்கோ மாதிரி ஒரு இடியுமாக வரும். "இதுல ஆளு எங்கடா இருக்கான்?" என்று கேட்டுவிட்டுக் கூடு காய்ந்ததா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கடைசியாக கேட்வேஸ். அந்த ஆல்பம் மெதுவானது, உங்களுக்குத் தெரியும். வேகத்துக்குப் பேர்போன ஆள் சவுக்கத்தில் வாசிக்கிறார். மாமா முழுசாகக் கேட்டார். "மொத ஆளுதான். இப்பத்தான் வித்தை கைக்கு வந்துருக்கு. வேகமா வாசிக்கிறதுக்கு வயசு போதும், மெதுவா வாசிக்கத்தான் பழகணும்." அந்தப் பாட்டில் பாடியவர் டக்கர் என்பதை மாமா கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் 2011-ல் இல்லுட் வந்தபோது, வின்சென்ட் திரும்பி வந்துவிட்டார் என்று கும்பகோணத்தில் கேக் வெட்டாத குறையாகக் குதித்தவன் நான்தான். அந்த வருஷம் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-க்கு முன்னாலேயே திறந்துவிட்டார்கள். தண்ணீரும் முன்னாடி வருகிறது, ஆல்பமும் வருகிறது என்று நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். ஆல்பத்தைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அப்புறம் வாய் திறந்தபோது, வின்சென்ட் மேடைக்கூத்து ஆடி பேண்டைக் கெடுத்துவிட்டார் என்று கத்தினேன். ஒரே வாரத்தில் கட்சி மாறினேன். ஆகவே இரண்டு கட்சியிலும் நான் பழைய உறுப்பினர், அந்த உரிமையில்தான் இந்த மடல்.

அப்போது சாண்டோவல் எங்கே போனார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அட்டையில் டிம் யங் என்று போட்டிருந்தது. சாண்டோவலுக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை, இவர் தற்காலிகம் என்று படித்தேன், அடுத்த வரிக்குப் போய்விட்டேன். இருபது வருஷத்துக்கு மேல் இரண்டு காலாலும் மிதித்த மனிதருக்கு முதுகு போயிருக்கிறது. அதை "தற்காலிகம்" என்று ஒரு வார்த்தையில் தாண்டினேன். எங்கள் மாமாவுக்கு ஐம்பது வயதில் இடது தோள் போனபோது ஊரே வந்து விசாரித்தது. பிறகு சாண்டோவல் கிறிஸ்தவ நம்பிக்கைக்குப் போய்விட்டார், இந்த பேண்டுக்குத் திரும்பவே இல்லை. இவர்கள் பாடுகிற சாத்தான் சங்கதிக்கும் அதற்கும் ஒத்துவராது என்பது தெரிந்ததுதான்.

டிம் யங்கைக் குறை சொல்லவில்லை, அதை வின்சென்ட் கட்சி தயவுசெய்து தப்பாகப் பரப்ப வேண்டாம். ஹேட் எடர்னல் பேண்டின் முதல் ஆல்பத்தில் அவர் வாசித்ததைக் கேட்டவன் அவரைக் குறை சொல்ல மாட்டான். ஆனால் தவில்காரர் இல்லாத இடத்தில் நாயனக்காரருக்கு வேறு ஆசைகள் வரும். யார் எதிரே உட்கார்ந்து வாசிக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் நாயனக்காரர் என்ன ராகம் எடுப்பது என்றே முடிவு செய்வார். சாண்டோவல் எதிரே உட்கார்ந்திருந்தால் அந்த மெஷின் கொட்டை அசாக்தோத் தைரியமாகக் கொண்டுவந்திருப்பாரா? என் ஊகம்தான். ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு திட்டியும், இல்லுட்டை நான் அப்புறம் ஒரு பத்துத் தடவை கேட்டிருக்கிறேன். பதினோரு பாட்டில் எக்ஸிஸ்டோ வல்கோரே, ப்ளேட்ஸ் ஃபார் பால், நெவர்மோர் மூன்றும் நல்ல பாட்டு. இந்த மூன்றை மட்டும் தனியாக எடுத்து ஒரு தட்டில் போட்டிருந்தால் இன்று நமக்குள் சண்டையே இருந்திருக்காது. ராடிகல்ட் என்கிற பாட்டைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

கிங்டம்ஸுக்கு வருகிறேன். டக்கர் கட்சி கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

2017 நம் எல்லாருக்கும் கெட்ட வருஷம். அதற்கு முந்தின சம்பாவே கருகியது. அந்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் திறந்தது அக்டோபர் 2. டெல்லி ஜந்தர் மந்தரில் நம் பக்கத்து விவசாயிகள் மண்டை ஓடுகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை டிவியில் பார்த்தேன். என்னிடம் மண்டை ஓடு போட்ட கறுப்புச் சட்டை நாலு இருந்தது. அதன் பிறகு கொஞ்ச நாள் அவற்றை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போக முடியவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கே முடியவில்லை. கல்யாணம் குறைந்து, மைக் செட்டுக்கு வேலையும் இல்லாமல், டிசம்பரில் அந்த ஆல்பம் வந்தபோது கொட்டகையில் தனியாக உட்கார்ந்து இயர்போனில் கேட்டேன். எனக்கு அது பிடித்தது. இளிப்பு இல்லை, மினுக்கு இல்லை, காய்ந்த வயல் மாதிரி இருந்தது. எரிக் ருட்டன் ஒலிப்பதிவு செய்திருந்தார். பழைய கோபம் திரும்பி வந்திருந்தது, டக்கர் குரலும் பொருந்தியது. இதுவரை உங்கள் கட்சிதான் நான்.

அப்புறம் பங்குனியில் ஒரு கிராமத்துத் திருவிழாவுக்கு செட் போட்டோம். பெரிய பதினெட்டு இன்ச் பேஸ் பாக்ஸ் எட்டு. சாயங்காலம் சாமி புறப்பாட்டுக்கு முன்னால் பாக்ஸ் டெஸ்ட் பண்ண என் பென் டிரைவிலிருந்து கிங்டம்ஸின் முதல் பாட்டைப் போட்டேன். பூசாரி வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார், "தம்பி, டிரான்ஸ்ஃபார்மர் போயிருச்சா?" என்று. சிரிக்காதீர்கள். அவர் கேட்டது சரியான கேள்வி. இத்தனை பெரிய பாக்ஸில் அந்தப் பாட்டில் கிட்டாரைக் காணோம். தாழ்ந்த சுருதி, எல்லாம் அடிமட்டத்தில் சேறு மாதிரிக் கலந்து கிடக்கிறது. நடுமட்டத்தை ஏற்றிப் பார்த்தேன், ஹாரனைத் திறந்து பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. மேலே தெளிவாகக் கேட்டது கால் டிரம் ஒன்றுதான். ஸ்காட் ஃபுல்லரின் கால். பிசகாத கால். டிக் டிக் டிக் டிக் என்று தாசில்தார் ஆபீஸ் டைப்ரைட்டர் மாதிரி.

அன்றுதான் மாமா சொன்னது மறுபடியும் ஞாபகம் வந்தது. பயமே வரவில்லை.

இல்லுட்டில் ஒலிப்பதிவு சுத்தம், பாட்டு சொத்தை. கிங்டம்ஸில் பாட்டு கெட்டி, ஒலிப்பதிவு கலங்கல். இருபது வருஷம் ஒலிபெருக்கிக்குப் பின்னால் நின்றவன் என்ற முறையில் இதைக் கோயிலில் கற்பூரம் அடித்துச் சொல்வேன். இரண்டிலும் அந்த முன்னால் சாய்ந்து ஓடுகிற ஆள் இல்லை. வின்சென்ட் வந்ததாலோ டக்கர் வந்ததாலோ அந்த ஓட்டை அடைபடாது. அசாக்தோத் ஒன்பது ஆல்பத்திலும் இருக்கிறார், பெயர் அவருடையது, பாட்டு பெரும்பாலும் அவருடையது. ஆனாலும் அவர் ஒருத்தரால் மட்டும் அது நடக்கவில்லை, பார்த்தீர்களா.

மன்னார்குடி பங்காளி ஒருத்தர் இந்த இடத்தில் கையைத் தூக்குவார், தெரியும். "அப்ப கிரிப்டாப்சி?" என்பார். நியாயம். 2008-ல் அந்த பேண்டின் த அன்ஸ்போக்கன் கிங் ஆல்பம் வந்தபோது டிரம்ஸில் அதே ஃப்ளோ மூனியேதான் இருந்தார், பாடகர் மாறினார், கீபோர்டு சேர்ந்தது, ராகம் இழுத்துப் பாட ஆரம்பித்தார்கள், ரசிகர்கள் காறித் துப்பினார்கள். தவில் மாறாமலும் கச்சேரி கெடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதையும் பாருங்கள். கேனிபல் கார்ப்ஸ் பேண்டில் பாடகர் கிறிஸ் பார்ன்ஸை வெளியேற்றிவிட்டு ஜார்ஜ் ஃபிஷரைக் கொண்டுவந்து 1996-ல் வைல் ஆல்பம் போட்டார்கள். முதல் நாளிலிருந்து இன்றுவரை பால் மசுர்கேவிச் டிரம்ஸை விட்டு எழுந்திருக்கவில்லை, வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. டெய்சைட் பேண்டில் 2004-ல் ஹாஃப்மன் சகோதரர்கள் இரண்டு கிட்டாரும் ஒரே சமயத்தில் போனார்கள். முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஸ்டீவ் அஷைம் டிரம்ஸில் இருந்தார். 2006-ல் ஜாக் ஓவனும் ரால்ஃப் சன்டோலாவும் கிட்டாருக்கு வந்து த ஸ்டென்ச் ஆஃப் ரிடெம்ப்ஷன் போட்டார்கள், பல வருஷத்தில் அவர்கள் போட்ட நல்ல ஆல்பம் அதுதான் என்று இரண்டு கட்சியும் ஒரே குரலில் சொன்னதை இந்தக் காதால் கேட்டேன்.

டெத் பேண்டை எடுத்தால் கதையே வேறு. அதன் பாடகரும் கிட்டார்காரருமான சக் ஷுல்டினர் ஆல்பத்துக்கு ஆல்பம் ஆளை மாற்றினார். ஆனால் மாற்றம் எங்கே கேட்கிறது? 1991-ல் ஹ்யூமன் ஆல்பத்துக்கு டிரம்ஸில் ஷான் ரைனர்ட் வந்தார், பாட்டின் நடையே மாறியது. ஜீன் ஹோக்லன் வந்தார், இன்னொரு நடை. 1998-ல் ரிச்சர்ட் கிறிஸ்டி வந்தார், மூன்றாவது நடை. ஒவ்வொரு தவிலுக்கும் ஒரு டெத். சக் எல்லாவற்றையும் எழுதினார், எழுதும்போது எதிரே யார் உட்காரப் போகிறார் என்று தெரிந்துதான் எழுதியிருப்பார் போல. 2001 டிசம்பரில் அவர் இறந்தபோது, அடுத்து யாரைப் பாட வைப்பது என்று யாரும் சண்டை போடவில்லை.

இன்னொன்று, இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். மார்பிட் ஏஞ்சலை விட்டு விலகிய வின்சென்ட் ஐ ஆம் மார்பிட் என்று தனி பேண்டு வைத்துப் பழைய பாட்டுகளை வாசித்துக்கொண்டிருக்கிறார். அதில் இப்போது டிரம்ஸ் யார் தெரியுமா? சாண்டோவல். அதாவது குரலும் தவிலும் அங்கே, நாயனமும் பெயரும் இங்கே. இதைக் கேட்டதும் வின்சென்ட் கட்சி கைதட்டப் போகிறீர்கள். தட்டாதீர்கள். அங்கே புதிய பாட்டு எங்கே? இறந்துபோன வித்வானின் செட்டை வைத்து அவர் பையன்கள் அதே ஆறு கீர்த்தனையை ஊர் ஊராக வாசிக்கிற மாதிரி இருக்கிறது எனக்கு. பார்க்கப் போவேன், அது வேறு. பெங்களூருக்கு வந்தால் மைசூர் எக்ஸ்பிரஸில் முதல் ஆளாகத் தொங்கிக்கொண்டு போவேன்.

ஆக, என் கோரிக்கை. கும்பகோணத்துக்குப் பாக்ஸ் வாடகைக்குக் கிடையாது. மன்னார்குடிக்கும் கிடையாது. புரட்டாசி இரண்டாவது ஞாயிறு எல்லாரும் என் கொட்டகைக்கு வருகிறீர்கள். ஒன்பது ஆல்பத்தையும் முழுசாகக் கேட்க நேரம் இல்லை, ஆல்பத்துக்கு ஒரு பாட்டாக ஒன்பது பாட்டு நான் எடுத்து வைத்திருக்கிறேன். வரிசையைக் கலைத்துப் போடுவேன். குரல் வருவதற்கு முன்னாலேயே வெட்டிவிடுவேன், முன்னிசை மட்டும்தான். டிரம்ஸில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று ஒவ்வொருத்தரும் சீட்டில் எழுதித் தர வேண்டும். சாண்டோவல், யங், ஃபுல்லர், மூன்று பெயர்தான், பரீட்சை ரொம்ப கஷ்டமில்லை. யார் எத்தனை சரியாக எழுதினார்கள் என்று கரும்பலகையில் போடுவேன். அதற்குப் பிறகும் குரலைப் பற்றிப் பேச ஆசைப்படுகிறவர்கள் ஆற்றங்கரைப் பக்கம் போய்ப் பேசிக்கொள்ளலாம்.

மாமா கட்டிய கூடு ஒரு செட் டப்பாவில் இருக்கிறது, பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் காட்டுகிறேன். விரலில் மாட்டக்கூடாது.

காலை பத்து மணிக்குள் வந்துவிடுங்கள். இரண்டு மணிக்கு மேல் கரண்ட் போகலாம் என்று லைன்மேன் சொல்லியிருக்கிறார், ஜெனரேட்டருக்கு டீசல் போட ஆளுக்கு ஐம்பது ரூபாய். சாதம் என் செலவு. ஊறுகாயும் அப்பளமும் கும்பகோணம் கட்சி கொண்டுவரட்டும், தயிர் மன்னார்குடி. பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரிடமாவது ரேடியோ செட் வீடு என்று கேளுங்கள். மெட்டல் என்று கேட்டால் பாத்திரக் கடையைக் காட்டுவார்கள்.